முப்பத்தெட்டுத் தலைப்பிரட்டைகள்

இருபத்தாறு வருடங்களில் அவள் படித்து, குறி போட்டு, அச்சுக்கு அனுப்பிய பக்கங்கள் ஏறத்தாழ ஒரு லட்சத்து முப்பதாயிரம். அவள் படிக்காமலேயே அவள் குறியோடு அச்சேறியவை முப்பத்தெட்டு. அந்த முப்பத்தெட்டுக்காக ஏழு மாதம் தன் கண்ணையே சந்தேகப்பட்டாள். அதன் பிறகு நான்கு மாதம் ஒரு மனிதன்மேல் கறுவினாள். இரண்டாவதுதான் சுலபமாக இருந்தது.

வயது ஐம்பத்து நான்கு. பாடநூல்களும் தொழில் கையேடுகளும் போடும் பதிப்பகத்தில் பிழை திருத்தும் வேலை. அங்கே அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பேர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், அந்தப் பதிப்பகமே அச்சடித்துச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்து, "ஆகஸ்டுல முப்பதோட நிக்குதே, முப்பத்தொண்ணு எங்க போச்சு?" என்று கேட்டாள். நான்கு மாதமாக எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த காலண்டர் அது. அன்று ஒட்டிய பட்டப்பெயர், பிறகு உரியவே இல்லை.

கட்டடம் இரண்டு மாடி. மேலே ஆறு மேசைகள் போட்ட பிழைதிருத்தும் அறை. கீழே மெஷின் ஹால். மெஷின் ஓடினால் மேலே தரை அதிரும், டீ கிளாஸில் வட்டம் வட்டமாக அலை எழும். எந்த மெஷின் ஓடுகிறது என்று அந்த அலையைப் பார்த்தே அவள் சொல்லிவிடுவாள்.

அந்தப் பதிப்பகத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. புத்தகம் ஓடத் தொடங்குமுன் முதல் தாளை எடுத்து நீள மேசையில் விரிப்பார்கள். வேலை செய்த எல்லோரும் சுற்றி நிற்பார்கள். மெஷின்காரர் மூன்று தடவை உரக்கக் கேட்பார்: "யாருக்காவது கேள்வி இருக்கா?" பெருக்குகிறவரிலிருந்து முதலாளி வரை யார் வேண்டுமானாலும் கை தூக்கலாம். கேள்விக்கு அங்கேயே, அத்தனை பேர் முன்னால், பதில் கிடைக்கும்வரை மெஷின் ஓடக்கூடாது. நிறுவனத்தைத் தொடங்கியவர் வைத்த சட்டம். ஆனால் கடைசியாக ஒரு கை உயர்ந்து பதினோரு வருடமாகிவிட்டது. இப்போதெல்லாம் மூன்றாவது தடவை கேட்டு முடிப்பதற்குள், "இல்ல இல்ல, ஓட்டுங்க" என்று கோரஸாகச் சொல்லிவிட்டு டீக்குப் போய்விடுவார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் முதலாளியம்மா ஆறு பெரிய மின்வாசிப்பான்கள் வாங்கினார். பதிமூன்று அங்குலம். புத்தகத்தின் ஒரு முழுப் பக்கம் எந்த ஓரமும் வெட்டுப்படாமல் அதில் உட்காரும். கண்ணைக் குத்தும் வெளிச்சம் கிடையாது. சாம்பல் நிறத் திரை, தாளைப் போலவே லேசான சொரசொரப்பு. அதற்கென்று உள்ள பேனாவால் ஓரத்தில் எழுதினால் கரகரவென்று சத்தம்கூட வரும். பக்கம் திரும்பும்போது ஒரு கணம் கறுத்துப் பிறகு தெளியும். எழுதியது பொதுக் கோப்பில் போய்ச் சேரும். மற்றவர்கள் தங்கள் மேசையில் இருந்தே திறந்து பார்க்கலாம். ஆபீஸில் அதற்கு ஸ்லேட்டு என்று பேர் வைத்தார்கள்.

முதல் நாள் அவள் அதைத் தொடவே இல்லை. இரண்டாம் நாள் ஒரு தசமப் புள்ளியைக் கட்டைவிரல் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தாள். மூன்றாம் நாள் வீட்டுக்கே எடுத்துவந்துவிட்டாள்.

"இதுல பாட்டு கேக்குமா?" என்றார் கணவர். பஸ்ஸில் முப்பது வருடம் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"கேக்காது."

"படம் ஓடுமா?"

"ஓடாது. படிக்கலாம், எழுதலாம்."

"அவ்வளவுதானா? அதுக்கா இவ்வளவு பெரிசு? நான் ஏதோ சாப்பாட்டுத் தட்டுன்னு நெனச்சேன்."

படித்து முடித்த பக்கத்தின் வலது கீழ் மூலையில் அவள் ஒரு குறி போடுவாள். சின்ன வட்டம், நடுவே புள்ளி, கீழே வளைந்து போகும் வால். தலைப்பிரட்டை என்று எல்லோரும் சொல்வார்கள். தாளில் போட்ட அதே குறியைத்தான் ஸ்லேட்டிலும் போட்டாள். தலைப்பிரட்டை இருந்தால் அந்தப் பக்கத்தை இன்னொருவர் பார்க்க வேண்டியதில்லை. அவளுடைய சொத்து என்று சொன்னால் அதுதான்.

பதிப்பகத்தின் தலைமைப் பதிப்பாசிரியன் அவளுக்கு ஆறு வருடம் பின்னால் சேர்ந்தவன். பத்து வருடம் எதிர் மேசை. எந்த வேலையைக் கொடுத்தாலும் மற்றவர்கள் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் முடித்துவிடுவான். அதனால் மின்னல் என்று பேர். அவன் விட்ட பிழைகளை அவள் சத்தமில்லாமல் திருத்தி அனுப்பியதும் உண்டு. "அக்கா இல்லன்னா நான் என்னக்கா ஆவேன்" என்பான். அவன் தலைமைக்கு உயர்ந்தபோது மற்றவர்கள் சார் என்று மாறினார்கள். அவள் மட்டும் தம்பி என்றே கூப்பிட்டாள்.

செவிலியர் கல்லூரிகளுக்கான மருந்தளவுக் கையேடு, நூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பக்கம், வியாழக்கிழமை அச்சேற வேண்டியிருந்தது. திங்கட்கிழமை அவள் கணவருக்கு முழங்கால் அறுவை. ஸ்லேட்டை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய், வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து நூற்று அறுபதாம் பக்கம் வரை படித்தாள். 'நூத்தி அறுபது வரைக்கும் ஆச்சு தம்பி, மிச்சத்த பாக்குறேன்' என்று செய்தி அனுப்பினாள். 'நிதானமா பாருங்கக்கா' என்று பதில் வந்தது. அன்று மதியம் கணவருக்குத் தையலில் ரத்தம் கசிந்தது. இரண்டு நாள் கண் மூடவில்லை. நூற்று அறுபத்தொன்றாம் பக்கத்தை எத்தனை தடவை திறந்தாள், எத்தனை தடவை மூடினாள் என்பது அவளுக்கு நினைவில் இல்லை. வியாழக்கிழமை புத்தகம் ஓடியபோது அவள் ஆஸ்பத்திரியில்தான் இருந்தாள்.

அடுத்த வாரம் கல்லூரியில் முதல் கட்டைப் பிரித்த ஆசிரியை ஒருவர் நூற்று எழுபத்து மூன்றாம் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். குழந்தைகளுக்கான ஒரு மருந்து, 0.5 என்று இருக்க வேண்டிய இடத்தில் 5 என்று இருந்தது. பத்து மடங்கு. நல்லவேளை, ஒரு மாணவியின் கைக்கும் போகவில்லை. நாலாயிரம் பிரதிகளும் திரும்பி வந்து முற்றத்தில் வெட்டும் மெஷினுக்குப் போயின.

முதலாளியம்மா அவளை அறைக்குக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தைத் திரையில் காட்டினார்.

"இது உங்க கைதானே?"

மூலையில் தலைப்பிரட்டை. அவள் வட்டம், அவள் புள்ளி, அவள் வால்.

"என் கைதான் மேடம். ஆனா நான் இந்தப் பக்கத்தப் பாத்த மாதிரியே…"

"அக்கா," என்றான் மின்னல், பக்கத்தில் நின்று, அவ்வளவு மென்மையாக. "நீங்கதான மிச்சத்த பாக்குறேன்னு எழுதுனீங்க? தூக்கமில்ல, கவல. யாருக்கும் வரும்க்கா. உங்கள யாரும் குத்தம் சொல்லல. கொஞ்ச நாள் கண்ணுக்கு ஓய்வு குடுங்க."

திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். அவன் பரிதாபப்பட்டான். அந்தப் பரிதாபத்தைத்தான் அவள் பிற்பாடு வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்தாள்.

அவளைப் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் லேபிள் மேசைக்கு மாற்றினார்கள். ஜாம் பாட்டில் லேபிள், பிஸ்கட் உறை, காலண்டர். அவளுடைய ஸ்லேட்டில் ஒரு கீறல் விழுந்திருந்ததால் வேறு யாரும் அதைக் கேட்கவில்லை. அதுவும் அவளோடு கீழே இறங்கியது.

ஏழு மாதம். மூன்று கண் மருத்துவர்களைப் பார்த்தாள். "உங்க வயசுல இப்படி ஒரு கண்ணு யாருக்கும்மா இருக்கு?" என்றார் மூன்றாமவர். அவள் நம்பவில்லை. அடுப்பை அணைத்தோமா என்று இரண்டு தடவை போய்ப் பார்த்தாள். கணவரின் மாத்திரை அட்டையை அவரிடமே நீட்டி, "நான் சரியாத்தான் படிக்கிறேனா, கொஞ்சம் பாருங்க" என்றாள். கண்ணால் பிழைத்தவளுக்குக் கண் பொய் சொல்லிவிட்டது என்றால் வேறு எதைத்தான் நம்புவது?

லேபிள் வேலையில் ஒரே விஷயத்தை நாற்பது இடத்தில் எழுத வேண்டிவரும். அங்கேதான் ஸ்லேட்டில் இருந்த ஒரு வசதியைக் கற்றுக்கொண்டாள். எழுதியதைச் சுற்றிப் பேனாவால் ஒரு புள்ளிக்கோடு வளைத்தால், சுருக்கு மாட்டியது போல அது பிடிபடும்; அப்படியே தூக்கி வேறு பக்கத்தில் இறக்கலாம். கையெழுத்தைத் திரும்ப எழுத வேண்டியதில்லை. ஆபீஸில் அதற்குச் சுருக்கு என்றே பேர்.

வீட்டில் கணவருக்கு ஒரு பட்டியல் வைத்திருந்தாள்: காலை மாத்திரை, முழங்கால் பயிற்சி, மதியம் மாத்திரை, நடை. தினம் எழுதச் சோம்பல். ஒரு ஞாயிற்றுக்கிழமை முந்தின நாள் பட்டியலைச் சுருக்குப் போட்டு இழுத்து அன்றைய பக்கத்தில் இறக்கி அவரிடம் நீட்டினாள்.

அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"ஏம்மா, இது இன்னைக்கு எழுதினதா?"

"ஆமா."

"பொய்."

"என்னங்க பொய்?"

"நேத்து 'மாத்திரை'ல கால் வாங்கறப்ப உன் பேனா லேசா வழுக்கியிருந்துச்சு. இன்னைக்கும் அதே இடத்துல அதே அளவுக்கு வழுக்குதா? முப்பது வருஷம் பஸ்ல பாஸ் பாத்தவன்கிட்டயே காட்டுறியே உன் வேலைய! உண்மையான கையெழுத்து ரெண்டு தடவ ஒரே மாதிரி வராதும்மா. வந்தா அது திருட்டுப் பாஸு."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கலக்கிக்கொண்டிருந்த காபியிலேயே ஸ்பூனை விட்டுவிட்டு ஸ்லேட்டை வாங்கி, பழைய கையேட்டின் கோப்பைத் திறந்தாள். ஏழு மாதமாக அதைத் திறக்கத் தைரியம் வராமல் இருந்தவள்.

நூற்று அறுபதாம் பக்கம். மூலையில் தலைப்பிரட்டை. பெரிதாக்கினாள். வாலின் நடுவில் ஒரு சின்ன உடைசல், படிக்கட்டு மாதிரி. பார்த்ததும் நினைவு வந்தது. வராந்தாவில் ஒரு சாப்பாட்டுத் தள்ளுவண்டி வந்து அவள் முழங்கையில் இடித்தது. வண்டி தள்ளியவள், "மன்னிச்சுக்கம்மா" என்றாள். "பரவால்ல" என்று சொல்லிவிட்டு அந்தக் கோணல் வாலை அழிக்காமல் அப்படியே விட்டாள்.

நூற்று அறுபத்தொன்று. அதே உடைசல். நூற்று அறுபத்திரண்டு. அதே உடைசல். நூற்று எழுபத்து மூன்று. நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

ஒரு தள்ளுவண்டி முப்பத்தெட்டுத் தடவை ஒரே முழங்கையில் இடிக்காது. நூற்று அறுபதோடு அவள் நின்றது மின்னல் ஒருவனுக்குத்தான் தெரியும்.

"என்னம்மா ஆச்சு? முகம் ஏன் இப்படி ஆகுது?"

"என் கண்ணுக்கு ஒண்ணும் இல்லைங்க," என்றாள். அதைச் சொல்லும்போது அழுதாள். அதோடு அழுகை முடிந்தது. மூக்கைச் சிந்தி நிமிர்ந்தபோது அவள் வேறு ஆளாக இருந்தாள்.

அவள் காட்டியதைப் பார்த்ததும் கணவர் அப்போதே செருப்பைத் தேடினார். "வா, உங்க மேடம் வீட்டுக்கே போவோம். கையும் களவுமா மாட்டிக்கிட்டான்."

"உக்காருங்க. போய்க் காட்டினா என்ன ஆகும்? கதவ சாத்திப்பாங்க. 'நடந்தது நடந்துபோச்சு'ம்பாங்க. ஒரு டீ குடுப்பாங்க. அவன் மறுபடி 'அக்கா'ம்பான். என்னை எல்லார் முன்னாடியும் படிக்கட்டுக்கு அடியில இறக்கினான். நானும் எல்லார் முன்னாடிதான் ஏறுவேன்."

"அது எப்போ?"

"வரும். அவன் வேகத்துக்குச் சீக்கிரமே வரும்."

மறுநாளிலிருந்து அவனை சார் என்று கூப்பிட்டாள். அவனுக்கு அது பிடித்திருந்தது. கடைசியில் அக்காவும் வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்திருக்க வேண்டும். "வணக்கம் சார். லேபிள் முடிஞ்சுது சார். வேற ஏதாவது இருக்கா சார்?" ஒவ்வொரு சாருக்கும் உள்ளே ஓர் ஆணி இறங்கியது. காலை வந்ததும் முதல் வேலையாகப் பொதுக் கோப்பைத் திறப்பாள். எதையும் பாதியில் விடுகிறவன் மின்னல். அவளை அறையிலிருந்து எடுத்தவன், கோப்பைத் திறக்கும் அனுமதியிலிருந்து எடுக்க மறந்திருந்தான்.

நான்காவது மாதம் வந்தது. கையேட்டின் புதிய பதிப்பு, இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். இந்தத் தடவை தலைமைப் பதிப்பாசிரியரே ஒவ்வொரு பக்கத்தையும் படித்துக் குறி போட வேண்டும் என்று முதலாளியம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மின்னலின் குறி ஒரு கோணல் கோடும் கீழே இரண்டு புள்ளியும். செவ்வாய்க்கிழமை மதியம் கோப்பைத் திறந்தபோது ஒன்பது பக்கத்தில் குறி இருந்தது. டீ குடித்துவிட்டு வந்து திறந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டிலும் இருந்தது.

பெரிதாக்கினாள். பத்தாம் பக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே கோணல், ஒரே புள்ளி. இரண்டாவது புள்ளிக்கு ஒரு முளை. அத்தனை பக்கத்திலும் அதே முளை.

அவள் சிரித்த சத்தம் கேட்டு, பக்கத்தில் பசை காய்ச்சிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். "என்னக்கா, ஜாம் லேபிள்ல ஜோக்கு போட்டிருக்கானா?"

"பெரிய ஜோக்கு அண்ணே."

அன்றும் மறுநாளும் அந்தப் புத்தகம் முழுவதையும் அவளே படித்தாள். மேலே ஜாம் லேபிளை வைத்து, கீழே கையேட்டைத் திறந்து, வரி வரியாக. தொண்ணூற்றேழாம் பக்கத்தில் நின்றாள். அட்டவணையின் தலைப்பில் 'பெரியவர்', 'குழந்தை' என்ற இரண்டு பத்திகளும் இடம் மாறியிருந்தன. கீழே இருந்த எண்கள் சரி, தலைப்பு தப்பு. குழந்தைக்குப் பெரியவரின் அளவு போகும்.

அச்சு ஓட இன்னும் ஐந்து நாள் இருந்தது. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடம் மட்டும் சொன்னாள். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தாள்.

"இப்பவே போய்ச் சொல்லு," என்றார் அவர்.

"திங்கக்கிழமை சொல்றேன். மெஷின் முன்னாடி. மூணாவது தடவ கேக்கும்போது."

"அதுக்குள்ள உனக்குக் காய்ச்சல் வந்துட்டா? பஸ்ஸு நின்னு போச்சுன்னா? புத்தகம் ஓடிடும்ல? திருட்டுப் பாஸுக்காரனப் பிடிக்கறதுக்கு பஸ்ஸையே பள்ளத்துல விடுவியா நீ?"

"விடமாட்டேன்."

"விடமாட்டேன்னு சொல்றது வேற. யார் பிள்ளைக்கோ ஊசி போடற புத்தகம்மா அது."

அவள் எழுந்து போய்த் தொண்ணூற்றேழாம் பக்கத்தைத் தாளில் எழுதி, தலைப்பைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, ஓர் உறையில் வைத்து ஒட்டினாள். "திங்கக்கிழமை பத்து மணிக்கு நான் போன் பண்ணலன்னா, இத எடுத்துட்டு ஆட்டோ பிடிச்சு நேரா மெஷின் ஹாலுக்குப் போங்க. நொண்டிக்கிட்டாவது போங்க. போதுமா?"

அவர் உறையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஆனால் அன்று ராத்திரி அவளுக்கு முன்பே சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். அவர் சொன்னது சரி என்று அவளுக்கும் தெரியும். தெரிந்தும் ஐந்து நாளை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. ஏழு மாதத்தை அவள் விட்டுக்கொடுத்திருந்தாள் அல்லவா?

சாப்பாட்டு நேரங்களில் ஒரு வேலை செய்தாள். ஸ்லேட்டில் ஒரு வெற்றுப் பக்கம் எடுத்து, பழைய கையேட்டின் முதல் நூற்று அறுபது தலைப்பிரட்டைகளைச் சுருக்குப் போட்டுக் கொண்டுவந்து, புள்ளிமேல் புள்ளி வைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். இன்னொரு பக்கத்தில் மிச்ச முப்பத்தெட்டை அதேபோல. மூன்றாவது பக்கத்தில் மின்னலின் இருநூற்று மூன்று குறிகள். மூன்றையும் மெஷின்காரரிடம் கொண்டுபோனாள்.

"கண்ணாடி ஃபிலிம்ல எடுத்துத் தரணும் அண்ணே. மூணு தாள். யாருக்கும் தெரியக்கூடாது."

அவர் முதல் பக்கத்தைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். இருபத்தாறு வருடமாக அவள் குறி போட்ட பக்கங்களை அச்சுத் தகட்டில் ஏற்றியவர்.

"அடப்பாவி," என்றார். "நாலாயிரம் பிரதிய என் கையாலயே வெட்டினேனேம்மா." பிறகு, "ஃபிலிம நல்ல கெட்டியா எடுத்துத் தரேன்," என்றார்.

திங்கட்கிழமை நீள மேசையைச் சுற்றி முப்பது பேருக்கு மேல் நின்றார்கள். முதலாளியம்மாவின் பக்கத்தில், போன தடவை பிழையைப் பிடித்த செவிலியர் கல்லூரி ஆசிரியை நின்றார்; மரியாதைக்காக அவரையும் அழைத்திருந்தார்கள். மின்னல் இஸ்திரி கலையாத சட்டையில் வந்திருந்தான். "இந்தப் பதிப்புல ஒவ்வொரு பக்கமும் என் கண்ணு பட்டுத்தான் வந்திருக்கு" என்று ஆசிரியையிடம் சொன்னான். அச்சு உத்தரவுத் தாளில் கையெழுத்துப் போட்டான். அவன் பேனாவை மூடும்வரை அவள் காத்திருந்தாள்.

"யாருக்காவது கேள்வி இருக்கா?" என்றார் மெஷின்காரர்.

யாரோ கொட்டாவி விட்டார்கள்.

"யாருக்காவது கேள்வி இருக்கா?"

"இல்ல இல்ல," என்று கோரஸ் கிளம்பியது. மெஷின்காரர் இந்தத் தடவை அதைக் காதில் வாங்காமல், அவளை நேராகப் பார்த்துக்கொண்டு மூன்றாவது தடவை கேட்டார். "யாருக்காவது கேள்வி இருக்கா?"

"எனக்கு இருக்கு," என்று கை தூக்கினாள்.

பதினோரு வருடமாகக் காணாத காட்சி. கூட்டம் விலகி வழி விட்டது.

"என்னக்கா, லேபிள்ல ஏதாவதா?" என்றான் மின்னல் சிரித்தபடி. "அப்புறம் பேசலாமே."

"அப்புறம் பேசக்கூடாது சார். சட்டம் அப்படி." முதல் ஃபிலிமை முதலாளியம்மாவிடம் கொடுத்தாள். "ஜன்னல் பக்கம் பிடிச்சுப் பாருங்க மேடம். பழைய புத்தகத்துல ஒண்ணுலேர்ந்து நூத்தி அறுபது வரைக்கும் நான் போட்ட குறி. ஒண்ணு மேல ஒண்ணு வச்சிருக்கேன்."

வெளிச்சத்தில் ஒரே கறுப்புக் குழப்பம். நூற்று அறுபது வால்கள், தேன்கூட்டைக் கலைத்தது போல நாலாபுறமும்.

"இது நூத்தி அறுபத்தொண்ணுலேர்ந்து கடைசி வரைக்கும். முப்பத்தெட்டு குறி. இதையும் ஒண்ணு மேல ஒண்ணாத்தான் வச்சிருக்கேன்."

இரண்டாவது ஃபிலிமில் ஒரே ஒரு தலைப்பிரட்டை. முடியளவும் பிசகில்லாமல், வாலில் உடைசலோடு, தெளிவாக நின்றது.

"முப்பத்தெட்டா?" என்றார் ஆசிரியை. "ஒண்ணுதான இருக்கு?"

"ஒண்ணுதாம்மா. நூத்தி அறுபதாம் பக்கத்துல நான் போட்டது. மிச்சத்த நான் போடல. தூக்கிட்டுப் போய் ஒட்டியிருக்காங்க."

அச்சுத் தொழிலில் இருப்பவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. பசைக்காரர் உச்சுக்கொட்டினார். மின்னலின் முகத்தில் இருந்த சிரிப்பு இறங்க வழி தெரியாமல் அங்கேயே நின்றது.

"யாரு வேணும்னாலும் பண்ணியிருக்கலாமே," என்றான். "பொதுக் கோப்புதானே."

"அதான் மூணாவதும் கொண்டுவந்திருக்கேன்." அதை முதலாளியம்மாவிடம் தரவில்லை. அவனிடமே நீட்டினாள். "இது புது புத்தகம். பத்தாம் பக்கத்துலேர்ந்து இருநூத்திப் பன்னெண்டு வரைக்கும். எல்லாத்தையும் அடுக்கினா இவ்வளவுதான் வருது." கொஞ்சம் நிறுத்தினாள். ஏழு மாதம் காதில் ஒலித்த கேள்வியை அவனிடம் கொடுக்க அவளுக்கு அவசரமில்லை. "இது உங்க கைதானே?"

அவன் ஃபிலிமைப் பார்க்கவில்லை. "அக்கா, போன தடவ மெஷின் காத்துக்கிட்டு இருந்துச்சு. நீங்க போன எடுக்கல. நான் என்னக்கா பண்ணுவேன்?"

"நான் பாக்கலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். நான் மூணு டாக்டர்கிட்ட போனேன் தம்பி."

தம்பி என்று அவள் திரும்பக் கூப்பிட்டதை ஹாலே கவனித்தது.

"இன்னும் ஒண்ணு," என்றாள் முதலாளியம்மாவிடம். "தொண்ணூத்தேழாம் பக்கம். பெரியவருக்கும் குழந்தைக்கும் தலைப்பு மாறியிருக்கு."

ஆசிரியை மேசையில் இருந்த மாதிரித் தாள் கட்டிலிருந்து அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தார். விரலை வைத்துப் படித்தார். பிறகு அவளைப் பார்த்த பார்வையில் நன்றியோடு இன்னொன்றும் இருந்தது. "இத எப்போ பாத்தீங்க?"

"புதன்கிழமை."

"இன்னைக்குத் திங்க."

"ஆமா," என்றாள். மணி பத்தாக ஐந்து நிமிடம் இருந்தது. ஒதுங்கிப் போய்க் கணவருக்குப் போன் போட்டாள். "அந்த உறையக் கிழிச்சுப் போட்டுடுங்க."

"மூக்க உடைச்சுட்டியா?"

"உடைச்சாச்சு."

"சரி, வீட்டுக்கு வா. மாத்திரைப் பட்டியல கையால எழுது."

மதியம் முதலாளியம்மா கூப்பிட்டு உட்காரச் சொன்னார். டீ வந்தது. அவள் தொடவில்லை. மன்னிப்புக் கேட்டார், மேலே அவள் மேசையைத் துடைத்து வைத்தாகிவிட்டது என்றார். "அவர வீட்டுக்கு அனுப்பிடறேன். இன்னைக்கே."

"வேண்டாம் மேடம்."

முதலாளியம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். பெருந்தன்மை என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. கண் லேசாகக் கலங்கியது.

"லேபிள் மேசை காலியாகுதே," என்றாள் பூதக்கண்ணாடி. "அங்க ஆள் வேணும்ல?"

மின்னல் வேலையை விட்டுவிடுவான் என்று பசைக்காரர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் அவன் செய்த காரியம் ஊரில் உள்ள அத்தனை அச்சகத்துக்கும் அதற்குள் தெரிந்துவிட்டதால், அவனுக்குப் போக வேறு இடம் இல்லை.

கையேடு பத்தொன்பது நாள் தாமதமாக அச்சேறியது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் அவளே படித்தாள். எந்த வாலும் இன்னொரு வாலைப் போல இல்லை.

அவள் கை தூக்கியதற்கு அடுத்த திங்கட்கிழமையே காலை ஒன்பது மணிக்கு மின்னல் படிக்கட்டுக்கு அடியில் வந்து உட்கார்ந்தான். ஸ்லேட்டு தரவில்லை; பென்சில் தந்தார்கள். முதல் வேலை, வரும் வருடத்துக் காலண்டர். ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் அவன் கையால் ஒரு குறி, மொத்தம் முந்நூற்று அறுபத்தைந்து. முடித்ததை மேலே அவளுக்கு அனுப்ப வேண்டும். மாலைக்குள் அவள் அதை இரண்டு தடவை திருப்பி அனுப்பினாள். முதல் தடவை பிழை இருந்தது. இரண்டாம் தடவை பிழை இல்லை. மூன்றாம் தடவைக்கு அவன் செவ்வாய்க்கிழமை வர வேண்டியிருந்தது.